அறுபத்து நான்கு படிகளும் ஒரு டின் மையும்

முதலில் கட்டைவிரல். அதைப் பிரித்துவிட்டால் மற்ற நான்கும் ஓரளவு இணங்கி வரும். படிக்கட்டம்மா தபால் அக்காவின் வலது கையைத் தன் மடியில் விரித்த துண்டின் மேல் வைத்து, மூடிக் கிடந்த முஷ்டியை அவசரப்படாமல் திறந்துகொண்டிருந்தாள். பக்கவாதம் வந்த கையை வெடுக்கென்று இழுத்தால் அது இன்னும் இறுகிவிடும். மணிக்கட்டை மெதுவாக உள்பக்கம் மடக்கினால் விரல்கள் தானாகத் தளரும். திறந்த உள்ளங்கையின் வியர்வையைத் துடைத்து, விரல் இடுக்குகளில் பவுடர் தூவி, சுருட்டிய கைக்குட்டையை உள்ளே வைக்க வேண்டும். மூன்று வருடமாகத் தினமும் மதியம் மூன்று மணிக்கு இதுதான் நடக்கிறது.

"வலிக்குதாக்கா?"

"வலிச்சா சொல்ல மாட்டேனா? வாய் நல்லாத்தானே இருக்கு."

"அது எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. அதான் தொல்லையே."

இருவரும் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தவர்கள். ஒருத்தி முப்பத்தாறு வருடம் படிக்கட்டைத் துடைத்தாள். இன்னொருத்தி தபால் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்து, அங்கேயே கண்காணிப்பாளராகி ஓய்வு பெற்றாள். கூப்பிடும் பெயர்கள் அப்படி ஒட்டிக்கொண்டவை. படிக்கட்டம்மாவுக்கு இப்போது அறுபத்தேழு வயது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. தபால் அக்கா அவளைவிட மூன்று வயது பெரியவள். வாய் மட்டும் லேசாகக் கோணியிருக்கிறது, வேகம் குறையவில்லை.

"என்னடீ, கை இங்க இருக்கு, மனசு எங்கயோ இருக்கு?"

"நாளைக்குக் காலையில படிக்கட்டுக்குப் பூச்சு அடிக்கிறாங்கக்கா."

தபால் அக்கா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். 

அந்தக் கட்டடம் பதிவுத் துறையின் தலைமை அலுவலகமாக நூறு வருடத்துக்கு மேல் இருந்தது. நிலம் வாங்கியவர், விற்றவர், கல்யாணம் செய்தவர், பிறந்தவர், இறந்தவர் எல்லோருடைய காகிதமும் அங்கேதான் வந்து சேரும். படிக்கட்டம்மா ஓய்வு பெற்ற மறுவருடம் துறை ஊருக்கு வெளியே ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குப் போய்விட்டது. பழைய கட்டடம் ஆறு வருடம் பூட்டிக் கிடந்தது. பிறகு ஒரு நிறுவனம் அதை நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்தது. முன்பக்கம் ஆடம்பர ஹோட்டல், பின்பக்கம் பெரிய பணக்காரர்களுக்கான குடியிருப்புகள் என்று திட்டம். மனு வாங்கும் கூடம் வரவேற்பறை ஆகிறது. ஆவணக் காப்பறை சாப்பாட்டுக் கூடம் ஆகிறது. ஓய்வூதியப் பிரிவு இருந்த இடத்தில் நீச்சல் குளம் வெட்டுகிறார்கள் என்று கேட்டபோது தபால் அக்கா சிரித்துப் புரையேறிவிட்டாள். "அங்க முன்னாடியே எல்லாரும் முங்கித்தான்டீ கெடந்தாங்க, இப்பத்தான் தண்ணி விடறாங்க!"

படிக்கட்டுக்கு மட்டும் எந்த மாற்றமும் இல்லை. கூடத்தின் நடுவிலிருந்து மூன்றாம் மாடி வரை வளைந்து ஏறும் மரப் படிக்கட்டு. அறுபத்து நான்கு படிகள். பழைமை மாறாமல் காக்க வேண்டியவற்றின் பட்டியலில் அதுதான் முதல் இடம். நல்ல கறுப்பு. விளக்குப் போட்டால் தண்ணீர் போல மின்னும்.

அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தியின் கை இப்போது மற்றவளின் மடியில் இருந்தது.

படிக்கட்டம்மா வேலைக்குச் சேர்ந்தபோது இருபத்திரண்டு வயது. கணவர் அதே துறையில் டிரைவர். ஜீப் பள்ளத்தில் உருண்டு அவர் போய்விட, கருணை அடிப்படையில் அவளுக்குத் துப்புரவு வேலை கொடுத்தார்கள். மகனுக்கு இரண்டு வயது. விட்டு வர ஆள் கிடையாது. படிக்கட்டின் அடியில் துடைப்பங்கள் வைக்கும் ஒரு பொந்து உண்டு. பழைய கோப்புகளைக் கட்டும் துணியை மடித்துப் போட்டு, பிள்ளையை அதில் படுக்க வைத்துவிட்டு மேலே ஏறுவாள். மேல் படியிலிருந்து பின்பக்கமாகவே இறங்கிக்கொண்டு வருவாள். இடது கையில் ஈரத் துணி, வலது கையில் உலர்ந்த துணி. அலுவலகம் பத்து மணிக்குத் திறக்கும். ஏழு மணிக்கு அந்தப் பெரிய கட்டடத்தில் அவளும் பிள்ளையும் புறாக்களும்தான்.

அப்போது படிகள் கறுப்பு கிடையாது. பால் தூக்கலாக விட்ட தேநீரின் நிறம். இரண்டாம் மாடி வளைவில் ஆள் உயரத்துக்கு ஒரு ஜன்னல். எட்டு மணி வாக்கில் வெயில் அதன் வழியாக விழும்போது மரத்தின் ரேகைகள் ஒவ்வொன்றாகத் தெரியும். ஒரு படியில் இருக்கும் ரேகை அடுத்த படியில் இருக்காது. எந்தப் படியில் முடிச்சு இருக்கிறது, எந்தப் படியில் ரேகை ஆறு மாதிரி வளைகிறது என்பதெல்லாம் அவளுக்குப் பாடம். வீட்டிலும் தெருவிலும் பார்க்கிறவர்கள் எல்லாம் "ஐயோ, இந்தச் சின்ன வயசுல" என்று ஆரம்பிப்பார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூட விடமாட்டார். அந்தப் படிக்கட்டு ஒரு நாளும் அவளிடம் அதைச் சொன்னதில்லை. அவள் அழாமல் இருந்த நேரம் அந்த மூன்று மணி நேரம்தான். அது பதினொரு மாதம் நீடித்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அலுவலகம் முடிகிற வேளை. திங்கட்கிழமை மேலிடத்து ஆய்வு வருவதாகச் சொல்லியிருந்ததால் ஆளாளுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். தபால் பிரிவின் உதவியாளர் லீவு. சுற்றறிக்கைகளை நகலெடுக்கும் சைக்ளோஸ்டைல் இயந்திரத்துக்கு மை தீர்ந்துபோயிருந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த எழுத்தர் தானே மேல்மாடிச் சாமான் அறைக்குப் போய் ஒரு டின் மையை எடுத்து வந்தாள். மூடி சரியாக இறுகவில்லை. வளைவில் கால் இடறியது. டின் எட்டுப் படிகளில் உருண்டு, ஒவ்வொரு படியிலும் தன் பங்கைக் கொட்டிவிட்டுப் போனது.

சைக்ளோஸ்டைல் மை பேனா மை மாதிரி கிடையாது. களிம்பு மாதிரி கெட்டியாக, எண்ணெய்ப் பசையோடு இருக்கும். தோலில் பட்டாலே ஒரு வாரம் போகாது. படிக்கட்டம்மா மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாள். மை இளகி மரத்துக்குள் இன்னும் ஆழமாக இறங்கியது. அந்த எழுத்தர் படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துவிட்டாள். அவள் இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருந்தாள். ஒரு ரகசியக் கடிதத்தை வேறு மாவட்டத்துக்கு அனுப்பியதற்காகப் போன மாதம்தான் மெமோ வாங்கியிருந்தாள். இன்னொன்று வந்தால் நேராக வீட்டுக்குத்தான். வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா, கீழே இரண்டு தங்கைகள்.

"அழுது என்ன ஆகப்போகுது? எழுந்திரிங்க," என்றாள் படிக்கட்டம்மா. அதுவரை அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

யோசனை அவளுடையதுதான். டிரைவர்கள் ஓய்வறையில் கணவரின் நண்பர்கள் இருந்தார்கள். சீருடைக் காலணிக்காகத் துறை கொடுக்கும் கறுப்பு பாலிஷ் டின்கள் அங்கே அடுக்கி இருந்தன. இரண்டு டின் கேட்டு வாங்கி வந்து கறைபட்ட எட்டுப் படிகளுக்கும் தேய்த்தாள். கறை மறைந்தது. ஆனால் கீழே நின்று பார்த்தால், நடுவில் பல் போன வாய் மாதிரி எட்டுப் படிகள் இருண்டு கிடந்தன. சரி, அந்த வளைவு முழுக்கத் தேய்ப்போம் என்றார்கள். வளைவு முடிந்ததும் மேல்பாகம் விகாரமாகத் தெரிந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இரண்டு பெண்களும் முழங்காலில் நின்று அறுபத்து நான்கு படிகளையும் கைப்பிடியையும் கறுப்பாக்கினார்கள். டிரைவர்கள் இருந்த டின்களையெல்லாம் கொடுத்துவிட்டு, ஏன் எதற்கு என்று கேட்கவே இல்லை. பிள்ளையின் கன்னம், மூக்கு, வயிறு எல்லாம் பாலிஷ்.

திங்கட்கிழமை வந்த அதிகாரி கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் இந்தக் கட்டடத்தை ஒழுங்கா வச்சிருக்கீங்க," என்றார்.

அடுத்த மூன்று வாரம் கைப்பிடியைத் தொட்டவர்களின் உள்ளங்கையெல்லாம் கறுத்தது. கோப்புகளில் கட்டைவிரல் ரேகை. ஒரு நிலப் பத்திரத்தில் துணைப் பதிவாளரின் ஐந்து விரலும் பதிந்திருந்தன. "பணியாளர்கள் கைகளை நன்கு கழுவிய பின்னரே கோப்புகளைத் தொட வேண்டும்" என்று சுற்றறிக்கை வந்தது. அதை நகலெடுத்து எல்லாப் பிரிவுகளுக்கும் அனுப்பியவள் தபால் அக்கா. காரணம் என்னவென்று யாரும் தேடவில்லை. எழுத்தர்கள் அழுக்குப் பிடித்தவர்கள் என்பது மேலிடத்துக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்.

ஒரு தடவை போட்டால் போதாது. வருடா வருடம் ஆய்வுக்கு முன்னால் மறுபடி தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய நிறம் எட்டிப் பார்க்கும். படிக்கட்டம்மா தேன்மெழுகைக் காய்ச்சிக் கலந்து, கையில் ஒட்டாமல், கால் வழுக்காமல் செய்யக் கற்றுக்கொண்டாள். அதிகாரிகள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறினார்கள். ஐந்தாறு வருடத்தில் பழைய நிறத்தைப் பார்த்தவர்களே அலுவலகத்தில் இல்லாமல் போனார்கள். ஒரு துறைத் தலைவர் வருகிறவர்களிடமெல்லாம் இது கப்பலில் வந்த அபூர்வமான கருமரம் என்று விளக்கம் கொடுப்பார். அவள் பக்கத்தில் துணியோடு நின்று கேட்டுக்கொள்வாள். ஓய்வு பெற்ற அன்று, "கட்டடத்தின் தொன்மையான தோற்றம் குலையாமல் காத்தமைக்காக" என்று எழுதிய சான்றிதழ் ஒன்றைக் கொடுத்தார்கள். அதற்கு முன்பே ஓய்வு பெற்றிருந்த தபால் அக்கா விழாவுக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். சிரிப்பை அடக்கியதில் கண்ணில் நீர் வந்துவிட்டது. மற்றவர்கள் அதைப் பிரிவுத் துயரம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சான்றிதழின் நகல்தான் இப்போது அவளைத் தேடி வந்தது. ஹோட்டல் வேலைக்குப் பொறுப்பான ஆர்க்கிடெக்ட் பழைய கோப்புகளில் அதைப் பார்த்துவிட்டு ஆள் அனுப்பினாள். மூன்று நாள் முன்னால் படிக்கட்டம்மா போய்வந்தாள். நாற்பது வயதுக்குள் இருக்கும் பெண், தலையில் மஞ்சள் தொப்பி, நல்ல மரியாதை. ஆள் நடமாட்டம் இல்லாததால் தேயாமல் இருந்த படிக்கட்டின் கறுப்பைப் பார்த்துத்தான் ஹோட்டலின் நூற்றுப் பதினெட்டு கதவுகளுக்கும் நிறம் கொடுத்தார்களாம். பூச்சு அடிக்கும் மேஸ்திரி ஓரமாக ஒரு படியில் மாதிரி அடித்துப் பார்த்திருக்கிறார். மூன்று நாளாகியும் காயாமல் பிசுபிசுத்ததாம். அதனால் வெளியூரிலிருந்து கண்ணாடி மாதிரி இறுகும் வேறு பூச்சு வரவழைத்திருக்கிறார்கள். அதை அடித்துவிட்டால் அடியில் இருப்பது அப்படியே உறைந்துவிடும், அதற்கப்புறம் யாரும் கை வைக்கவும் முடியாது.

"நீங்க என்னம்மா போடுவீங்க, இவ்வளவு ஆழமான கறுப்பு வர்றதுக்கு?" என்று ஆர்க்கிடெக்ட் கேட்டாள்.

"மெழுகு," என்றாள் படிக்கட்டம்மா. பாதி உண்மை. மீதிப் பாதியை அவள் சொல்லவில்லை. ஏனென்றால் அதற்குள் அவளைப் படியில் உட்கார வைத்துப் படம் எடுத்துவிட்டார்கள். வரவேற்பறைச் சுவரில் அது ஆள் உயரத்துக்கு வருமாம். காலையில் இரண்டு மணி நேரம் வந்து ஆட்களை மேற்பார்வை செய்தால் போதும், படிக்கட்டுப் பொறுப்பாளர் என்று பதவி, சீருடை கூட உண்டு என்றார்கள்.

"சொல்லலைன்னா என்ன ஆகும்?" தபால் அக்கா இப்போது கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாது. என் படம் தொங்கும். நானும் சீருடை மாட்டிக்கிட்டு நாலு பேரை ஏவிக்கிட்டுத் திரியலாம்."

"சொன்னா?"

"படமும் இல்ல, சீருடையும் இல்ல. ஊரே சிரிக்கும்."

"அப்ப ஏன்டீ என் விரலைப் போட்டு இந்த அமுக்கு அமுக்குற?"

படிக்கட்டம்மா பிடியைத் தளர்த்தினாள். "நாளைக்கு அடைச்சுட்டாங்கன்னா அவ்வளவுதான்க்கா. அந்த நிறத்தை நான் பதினொரு மாசம்தான் பார்த்தேன். முப்பத்தஞ்சு வருஷமா நானே மூடி மூடி வச்சேன். இன்னொரு தடவை பார்க்கணும்னு இருக்கு."

"அதுல என் எட்டுப் படியும் இருக்கே."

"அதுக்குத்தான் உங்களைக் கேக்குறேன். சொன்னா உங்க பேரும் வெளிய வரும்."

"வரட்டுமே! இத்தனை வருஷமா சான்றிதழ், கைதட்டு, பேரெல்லாம் நீயே வாங்கிட்ட. அந்தப் படிக்கட்டைக் கெடுத்ததுல எனக்கும் பாதி பங்கு உண்டு. மறக்காம சொல்லு." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "இனிமே எனக்கு யாருடீ மெமோ கொடுக்கப் போறா? கைக்குட்டையை வச்சுட்டுக் கிளம்பு. அஞ்சு மணி பஸ்ஸை விட்டா நடந்துதான் போகணும், உன் முழங்காலுக்கு அது ஆகாது."

படிக்கட்டம்மா போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். கூடத்தின் நடுவில் ஆர்க்கிடெக்ட் நின்று மேஸ்திரியிடம் நாளை வேலையைப் பேசிக்கொண்டிருந்தாள். பூச்சு டின்கள் முதல் படியருகே வரிசையாக நின்றன.

அவள் சுற்றி வளைக்கவில்லை. "இது மரத்தோட நிறம் இல்லம்மா. பூட்ஸ் பாலிஷ். நான்தான் போட்டேன்," என்றாள்.

ஆர்க்கிடெக்ட் சிரித்தாள். வயதானவர் ஏதோ குழம்பிப் பேசுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். அந்த மாதிரிச் சிரிப்பு படிக்கட்டம்மாவுக்குப் பிடிக்காது. மேஸ்திரியிடம் பெயின்ட் கரைக்கும் டர்பன்டைன் கேட்டாள். அவர் தயங்கித் தயங்கி ஆர்க்கிடெக்டின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முதலில் வலது முழங்கால், பிறகு இடது என்று இறங்கி, இரண்டாம் படியின் மூலையில் துணியை அழுத்தித் தேய்த்தாள். நுனி விரலால் தேய்த்தால் வராது. உள்ளங்கையின் அடிப்பாகத்தை ஊன்றி, ரேகை ஓடும் திசையில் தேய்க்க வேண்டும். மூன்று தடவை துணி மாற்றினாள். நான்காவது துணியில் கறுப்பு குறைந்தது.

மேஸ்திரி முதல் துணியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். "ஐயையோ மேடம், என் கல்யாணத்துக்கு என் ஷூவுல போட்ட வாசனை இது. அதான் மாதிரி காயவே இல்ல! நான் மழை ஈரத்தைத் திட்டிக்கிட்டிருந்தேன்."

ஆர்க்கிடெக்ட் குனிந்தாள். உள்ளங்கை அகலத்துக்குப் பால் தேநீர் நிறத்தில் மரம் தெரிந்தது. ஒரு ரேகை ஓரத்திலிருந்து கிளம்பி வளைந்து கறுப்புக்குள் போய் மறைந்தது. அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு முதல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நூத்திப் பதினெட்டு கதவும்மா," என்றாள். "அத்தனையும் இதுக்குப் பொருத்தமா அடிச்சாச்சு."

"நல்லாத்தான் இருக்கு கதவு."

"மூணு நாள் முன்னாடி ஏன் சொல்லலை?"

"படம் நல்லா வரும்போல இருந்துச்சு," என்றாள் படிக்கட்டம்மா.

ஆர்க்கிடெக்டுக்குக் கோபம் வந்தது. அது நியாயமும்கூட. எழுந்து போய் ஜன்னலருகே நின்று யாரிடமோ நீண்ட நேரம் போனில் பேசினாள். திரும்பி வந்து, மேலிடத்தில் காட்டுவதற்காக நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாள். சுவரில் ஒட்டியிருந்த அன்றைய வேலைப் பட்டியலைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் படிக்கட்டம்மா எழுதினாள். ஆய்வு, மை டின், எட்டுப் படி, டிரைவர்கள் கொடுத்த பாலிஷ், எல்லாம் ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. தபால் எழுத்தருக்கும் இதில் பாதி பங்கு உண்டு, அவரே சொல்லச் சொன்னார் என்று கடைசியில் சேர்த்தாள்.

ஆர்க்கிடெக்ட் அந்த வரியைப் படித்தபோதுதான் முகம் கொஞ்சம் இளகியது. "முதலாளிங்க என்ன சொல்வாங்கன்னு எனக்கே தெரியலை. நீங்க காலையில ஏழு மணிக்கு வாங்க."

"பூச்சு அடிக்கிறதைப் பார்க்கவா?"

"வாங்கம்மா."

மறுநாள் காலை அவள் போனபோது பூச்சு டின்களைச் சுவரோரம் தள்ளி வைத்திருந்தார்கள். அவை நின்ற இடத்தில் டர்பன்டைன் கேன்களும் ஒரு மூட்டைப் பழந்துணியும் இருந்தன. பதினோரு ஆட்கள் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கதவு கறுப்பு, படி மரநிறம். அதுதான் என்னோட புது யோசனைன்னு முதலாளிங்ககிட்ட சொல்லிட்டேன்," என்றாள் ஆர்க்கிடெக்ட். ராத்திரி தூங்கவில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. பிறகு கொஞ்சம் சங்கடத்தோடு, "அந்தப் பொறுப்பாளர் வேலைதாம்மா... மரநிறத்துல விட்டுட்டா தினம் ஈரத் துணியே போதும்..."

"தெரியும்மா. யோசிச்சுட்டுத்தான் வந்தேன்," என்றாள் படிக்கட்டம்மா. "ஜன்னலையெல்லாம் முதல்ல திறக்கச் சொல்லுங்க. இந்த நெடியில அரை மணி நேரத்துல எல்லாருக்கும் தலை சுத்தும்."

ஆட்கள் கீழ்ப்படியில் தேய்க்க ஆரம்பித்திருந்தார்கள். அவள் சத்தம் போட்டு நிறுத்தி, எல்லோரையும் மேலே ஏற்றினாள். கீழேயிருந்து தேய்த்துக்கொண்டு போனால் மேலே இருந்து வழிகிற கறுப்பு சுத்தம் செய்த படியையும் கெடுக்கும், இது கூடவா தெரியாது என்று கேட்டாள். மேஸ்திரி அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இரண்டாம் மாடி வளைவில் போட்டுக் கொடுத்தார். அங்கிருந்தபடி, யார் ரேகைக்குக் குறுக்கே தேய்க்கிறார்கள், யார் அழுக்குத் துணியை மாற்றாமல் ஓட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். எட்டு மணிக்குள் பன்னிரண்டு படிகள் வெளுத்துவிட்டன. வெயில் ஜன்னல் வழியாக வந்து அவற்றின் மேல் விழுந்தது. அவள் பேச்சை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஆட்கள், அம்மா தூங்கிவிட்டார்கள் என்று நினைத்துக் கைவேகத்தைக் குறைத்தார்கள். உடனே திட்டு விழுந்தது.

ஒன்பது மணிக்கு முதலாளிகளில் ஒருவர் கோட்டும் சூட்டுமாக மேல்மாடியிலிருந்து அவசரமாக இறங்கி வந்தார். பளபளவென்று தேய்த்த கறுப்பு ஷூ. புதிதாக வெளுத்த படியின் மேல் கால் வைக்கப் போனார்.

"இன்னும் காயலைங்க. அந்தப் பக்கம் இரும்புப் படி இருக்கு, அதுல போங்க," என்றாள் படிக்கட்டம்மா நாற்காலியிலிருந்து எழாமலே.

அவர் நின்று மேஸ்திரியைப் பார்த்தார். "யாரு இவங்க?"

"படிக்கட்டைக் கறுப்பாக்கினவங்க சார்," என்றார் மேஸ்திரி.

அவர் வெளுத்த படியையும் தன் ஷூவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு, சுற்றிப் போகும் இரும்புப் படியைத் தேடிக்கொண்டு திரும்பி நடந்தார்.